சனிக்கிழமை கட்டு மாற்ற வராத பாட்டியும் நாசரேத் சட்டாம்பிள்ளையும்

வழக்கமா சுகர், பிரஷர், சிறுநீரகம்னு எழுதுறவன் இன்னிக்கு கொஞ்சம் வழி மாறிப் போறேன். இது வரலாறு பற்றிய இழை. நீளமானது. டீ போட்டு வச்சுக்கிட்டு வாங்க.

காலையில் ராஜபாளையத்திலும் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நோயாளிகளைப் பார்ப்பவன் நான். போன மழைக்காலத்தில் ராஜபாளையத்துக்கு ஒரு பாட்டி வந்தாங்க. இருபது வருஷ சுகர். வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். செருப்பு கடிச்சதுன்னு விட்டிருக்காங்க, உள்ளே சீழ் கோத்திருந்தது. சுத்தம் பண்ணி, மருந்து எழுதி, "தினமும் வந்து கட்டு மாத்திக்கணும்மா, ஒரு நாள்கூட விடக் கூடாது"ன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினாங்க. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் வந்தாங்க. சனிக்கிழமை வரலை. ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரிச்சா வாடை.

"ஏம்மா நேத்து வரலை?"

"நேத்து ஓய்வுநாள் தம்பி."

"ஓய்வுநாள் இன்னிக்குத்தானே? ஞாயிறு?"

பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, ஒன்றாம் வகுப்புப் பையனைப் பார்க்கிற டீச்சர் பார்வை. "ஞாயித்துக்கிழமை வெள்ளைக்காரன் வச்சது. ஆண்டவர் வச்சது சனிக்கிழமை. எங்க பாட்டன் காலத்துல இருந்தே எங்களுக்குச் சனிக்கிழமைதான்."

பிறந்த ஊர் நாசரேத் பக்கம். இங்கே மில் வேலைக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருக்காங்க. கூட வந்த மகன் செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி. இயேசுவைப் பின்பற்றுகிறவர்கள் மோசேயின் நியாயப்பிரமாணத்தை இன்றும் கைக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது முழுக்க அறிவியல் என்று ஒரு பட்டியல். பன்றிக்கறி விலக்கினால் மூளைப்புழு வராது. எட்டாம் நாள் விருத்தசேதனம், ஏனென்றால் அன்றுதான் குழந்தைக்கு ரத்தம் உறையும் சக்தி உச்சத்தில் இருக்கும். இப்படி.

முதலில் அந்தப் பட்டியலை முடிச்சுடுறேன், டாக்டரா அது என் வேலை. மூளையில் வரும் நாடாப்புழு நோய், அதாவது நியூரோசிஸ்டிசெர்கோசிஸ், பன்றிக்கறி சாப்பிடுவதால் நேரடியாக வருவதில்லை. சரியாக வேகாத கறி சாப்பிட்டவருக்குக் குடலில் புழு வளரும். அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டை கை வழியாக, தண்ணீர் வழியாக, கழுவாத கீரை வழியாக ஒருவர் வயிற்றுக்குள் போனால்தான் அது மூளையில் கட்டியாகும். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இந்த வலிப்பு வருகிறது. எட்டாம் நாள் கதையும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே குறைவு, அதனால் முதல் வாரத்தில் ரத்தக்கசிவு அபாயம் அதிகம் என்பது உண்மை. ஆனால் எட்டாம் நாள் ஒரு மந்திர உச்சமெல்லாம் கிடையாது. ஊசி போடாத குழந்தைக்கு மூன்றாவது வாரம், ஐந்தாவது வாரம்கூட மூளையில் கசிவு வரலாம். அதனால்தான் பிறந்த அன்றைக்கே ஊசி போடுகிறோம்.

ஆனா வீட்டுக்குப் போன பிறகும் பாட்டி சொன்னது மனசை விட்டுப் போகலை. "வெள்ளைக்காரன் வச்சது." மகன் காட்டினது வாட்ஸ்அப் சரக்கு. பாட்டி சொன்னது அப்படி இல்லை. அது நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழைய வாக்கியம். அதைச் சொன்ன ஆள் யாருன்னு தேடிப் போனதுதான் இந்த இழை.

அவர் பெயர் அருமைநாயகம். சட்டாம்பிள்ளை என்றால்தான் ஊருக்குத் தெரியும். 1823-ல் பிறந்தவர். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு. போப் தெரியும் இல்லையா, அவர் சாயர்புரத்தில் நடத்திய செமினரியில் படித்தவர். நல்ல மாணவர். படிப்பு முடித்து உபதேசியார் ஆனார். உபதேசியார் என்பது அன்றைய மிஷன் அமைப்பில் விசித்திரமான பதவி. ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்தணும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லணும், சண்டை தீர்க்கணும், கணக்கு எழுதணும். எல்லா வேலையும் அவர் தலையில். அதிகாரம் மட்டும் பங்களாவில் இருக்கும் துரையிடம். நாசரேத்தில் அப்போதிருந்த மிஷனரி கேமரர். அவரோடு மோதி 1850 வாக்கில் சட்டாம்பிள்ளைக்கு வேலை போனது.

இந்த இடத்தில் நம்ம பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரும் நாசரேத்தும் ஒரே ஜில்லா. திருநெல்வேலி ஜில்லா. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோதுதான் நம்மைப் பிரித்தார்கள். தெற்கே நாசரேத், முதலூர், இடையன்குடி எஸ்.பி.ஜி. மிஷன் கையில். வடக்கே நம்ம பக்கம் சி.எம்.எஸ். மிஷன். 1854-ல் ராக்லண்ட் என்ற மிஷனரி கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வட திருநெல்வேலி கிராமங்களைச் சுற்றத் தொடங்கினார். நான்கே வருஷத்தில், 1858-ல், சிவகாசியில் இறந்துபோனார். தெற்கில் கிராமம் கிராமமாகச் சேர்ந்தார்கள், நம்ம பக்கம் அவ்வளவு சேரவில்லை. தெற்கில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த சமூகத்தினர். இன்று நாடார் என்கிறோம். அன்று அரசாங்கக் காகிதங்களில் இருந்தது வேறு பெயர், அதை அவர்களே வெறுத்தார்கள். 1921-ல்தான் அரசு அந்தப் பெயரை மாற்றியது.

1849-ல் இடையன்குடி மிஷனரி கால்டுவெல் இந்தச் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆமா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். மெரினாவில் சிலை இருக்கிறவர். இங்கிலாந்தில் மிஷனுக்குப் பணம் தரும் மக்களுக்கு நிலவரத்தைச் சொல்ல எழுதிய நூல் அது. அதில் இந்த மக்களைப் பேயைக் கும்பிடுகிறவர்கள், அறிவில் மந்தமானவர்கள், தாழ்ந்தவர்கள் என்ற தொனியில் வர்ணித்திருந்தார். படிக்கத் தெரியாத மக்களைப் பற்றி எழுதுகிறோம் என்று நினைத்திருப்பார் போல. ஆனால் அவர்கள் மிஷனே நடத்திய பள்ளியில் படித்து இங்கிலீஷ் கற்ற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டார்கள். சட்டாம்பிள்ளையும் படித்தார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒரு டாக்டரை முழுசா நம்பி, உங்க குடும்பமே அவர்கிட்ட போயிட்டு இருக்கு. ஒரு நாள் அவர் உங்க கேஸ் ஷீட்ல உங்களைப் பற்றி என்ன எழுதி வச்சிருக்கார்னு படிக்கிறீங்க. அதுக்கு அப்புறம் அவர் கொடுக்கிற மாத்திரையை எப்படி முழுங்குவீங்க?

சட்டாம்பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கிறிஸ்தவத்தை விட்டுவிட்டுப் பழைய கோயிலுக்குத் திரும்பலாம். சிலர் அப்படிச் செய்தார்கள். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். பலர் அப்படி இருந்தார்கள். அவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். மிஷனரி கையில் இருந்த அதே பைபிளை எடுத்து, அதன் முதல் ஐந்து ஆகமங்களைத் திறந்தார். யூதர்கள் தோரா என்று சொல்லும் பகுதி. நம்ம ஊர் சபைகளில் நியாயப்பிரமாணம் என்பார்கள்.

அங்கே அவர் பார்த்தது என்ன? எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசே செருப்பைக் கழற்றுகிறார். மிஷன் சபையில் துரை பூட்ஸோடு நிற்கிறார். யாத்திராகமத்தில் ஆசாரியன் காலையும் மாலையும் தூபம் காட்டுகிறான். மிஷனில் சாம்பிராணி போட்டால் அது பழைய மத வாசனை. எண்ணாகமத்தில் மாதப்பிறப்புக்குக் காணிக்கை உண்டு, பண்டிகைக்கு எக்காளம் உண்டு. முதல் விளைச்சல் கடவுளுக்கு. கடவுள் முன்னால் முகங்குப்புற விழுந்து வணங்குகிறார்கள், பெஞ்சில் உட்கார்ந்து இல்லை. தீட்டு உண்டு, குளியல் உண்டு, விலக்கிய உணவு உண்டு.

இதெல்லாம் யார் வீட்டுப் பழக்கம்? இங்கிலாந்தின் சாப்பலைவிட நம்ம ஊர் முற்றத்துக்கு இல்லையா கிட்ட இருக்கு? மார்கழியில் விடிகாலை எழுந்து குளிச்சு வாசல் தெளிச்சு ஆண்டாள் கோயிலுக்குப் போற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்ககிட்ட லேவியராகமத்தைப் படிச்சுக் காட்டுங்க, தெய்வம் வேறானாலும் பாதி இடத்துல "இது தெரிஞ்ச சமாச்சாரம்தானே"ம்பாங்க.

அவர் வந்து சேர்ந்த முடிவு இது. இயேசு ஆசியாவில் பிறந்த யூதர். அவரும் அவருடைய முதல் சீடர்களும் இந்தப் பிரமாணத்தைக் கைக்கொண்டே வாழ்ந்தார்கள். ஐரோப்பியர் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள், தங்கள் நாட்டுப் பழக்கங்களை ஏற்றி மூலத்தை மாற்றினவர்கள். ஆகவே தமிழன் கிறிஸ்தவனாக ஐரோப்பியனாக மாற வேண்டியதில்லை. மூல நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால் போதும், அதற்கும் நம்முடைய பழக்கங்களுக்கும் தூரம் குறைவு.

1857-ல் நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கியது. வடக்கே சிப்பாய்கள் எழுந்த அதே வருஷம். மிஷனரிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சபைக்கு வைத்த பெயரிலேயே இந்து என்ற சொல் இருந்தது, இயேசு ஆண்டவரின் இந்து சபை. இந்து என்றால் இங்கே மதம் என்பதைவிட இந்த மண்ணுக்காரர் என்ற பொருள் அதிகம். ஏக இரட்சகர் சபை என்றும் சொன்னார்கள். ஐரோப்பிய வாடை அடித்த எல்லாம் வெளியே போயின. ஞாயிறு போய் சனி வந்தது. குழந்தை ஞானஸ்நானம் போனது. பட்டம் பெற்ற, சம்பளம் வாங்கும் குருமார் போனார்கள். திருவிருந்தில் ஒயினுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு. சம்பளக் குருமாரை எடுத்தது வெறும் இறையியல் இல்லை என்பது என் எண்ணம். சம்பளம் கொடுக்கிறவன் கையில்தானே சபை இருந்தது? உபதேசியார் வேலையை இழந்தவருக்கு அது நன்றாகவே தெரியும்.

ஒரு தகவல் சொல்றேன், நானே ரெண்டு தடவை சரிபார்த்தேன். சனிக்கிழமை ஓய்வுநாள் என்றாலே இன்று எல்லாருக்கும் நினைவு வருவது செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை. அது அமெரிக்காவில் முறையாக அமைந்தது 1863-ல். பிரகாசபுரம் அதற்கு ஆறு வருஷம் மூத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் திருநெல்வேலிக்கு வந்தபோது, தாங்கள் போதிக்க வந்த சனிக்கிழமையை ஏற்கெனவே தலைமுறையாக ஆசரிக்கும் தமிழர்களைப் பார்த்து அசந்துபோனார்கள். ஜேம்ஸ் என்ற மிஷனரி அங்கே தங்கி வேலை செய்தார். பிரகாசபுரத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது.

அட்வென்டிஸ்ட் என்றதும் கேட்பீங்க, அவங்க லேவியராகம உணவு விதியைப் பின்பற்றி அதிக நாள் வாழறாங்களாமேன்னு. கலிஃபோர்னியா ஆய்வு ஒன்று 2001-ல் வந்தது. மற்ற கலிஃபோர்னியர்களைவிட அட்வென்டிஸ்ட் ஆண்கள் 7.3 வருஷமும் பெண்கள் 4.4 வருஷமும் கூடுதலாக வாழ்ந்தார்கள். அந்த ஆய்வு சுட்டிய காரணங்கள் புகையிலை இல்லாமை, உடற்பயிற்சி, சரியான எடை, காய்கறி, கொட்டைப் பருப்புகள். புகையிலையைப் பற்றி மோசே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பாவம், அவருக்கு அது தெரியாது.

சரி, சட்டாம்பிள்ளைக்கு வருவோம். அவர் சொன்னது புதுசா? இல்லவே இல்லை. கிறிஸ்தவத்தின் முதல் சண்டையே இதுதான்.

இயேசு இறந்த ஏறக்குறைய இருபது வருஷத்துக்குள் எருசலேமில் ஒரு கூட்டம். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம். யூதரல்லாத கிரேக்கர்கள் இயேசுவை நம்பி வருகிறார்கள், அவர்கள் விருத்தசேதனம் செய்து முழு நியாயப்பிரமாணத்தையும் கைக்கொள்ள வேண்டுமா? கடைசியில் யாக்கோபு தீர்ப்புச் சொல்கிறார். வேண்டாம், நான்கு விஷயங்கள் போதும். சிலைக்குப் படைத்தது, வேசித்தனம், நெருக்குண்டு செத்த மிருகம், ரத்தம், இவற்றை விலக்கினால் போதும். இந்த அதிகாரத்தைத்தான் நியாயப்பிரமாணம் இனி இல்லை என்பவர்கள் முதலில் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வியைக் கவனிங்க. யூதரல்லாதவருக்கு என்ன என்பதுதான் கேள்வி. இயேசுவை நம்பிய யூதர்கள் பிரமாணத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அதே புத்தகத்தின் 21-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் விசுவாசிகளான ஆயிரக்கணக்கான யூதர்கள் பிரமாணத்தில் வைராக்கியமாக இருப்பதாக யாக்கோபே பவுலிடம் சொல்கிறார். பவுலும் தேவாலயத்துக்குப் போய்ச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார்.

இப்படி பிரமாணத்தையும் இயேசுவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவர்கள் பல நூறு வருஷம் இருந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவுக்குப் பெயர் நசரேயர். நாசரேத்தூர்க்காரரைப் பின்பற்றுகிறவர்கள் என்ற பொருளில். அவர்களைப் பற்றி 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ஜெரோம் எழுதிய எரிச்சலான குறிப்பு ஒன்று உண்டு. யூதராகவும் கிறிஸ்தவராகவும் ஒருங்கே இருக்க விரும்பி, இரண்டுமாக இல்லாமல் போனார்கள் என்பது அதன் சாரம். பதினான்கு நூற்றாண்டு கழித்து இந்து கிறிஸ்தவர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களும் கேட்ட வசைதான். அதுவும் நாசரேத் என்றே பெயர் கொண்ட ஊர்ப் பக்கத்தில்.

பிரிவு ஒரே நாளில் நடக்கவில்லை. 386-ல் அந்தியோகியாவில் கிறிசோஸ்தம் பிரசங்கம் பிரசங்கமாகத் திட்டுகிறார். யாரை? யூதப் பண்டிகைக்கு ஜெப ஆலயம் போகும் தன் சொந்தச் சபைக் கிறிஸ்தவர்களை. திட்ட வேண்டியிருந்தது என்றாலே போய்க்கொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். அதே 4-ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் சனிக்கிழமை வேலை செய்யாமல் ஓய்ந்திருக்கக் கூடாது என்று விதி போட்டது. அதற்கு முன்பே 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை அரசு விடுமுறையாக்கிச் சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கூடும் வழக்கம் அதைவிடப் பழையது, 2-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆகவே "வெள்ளைக்காரன் வச்சது" என்று பாட்டி சொன்னது அப்படியே சரி இல்லை. ஆனால் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளாதே என்று தடுத்தது சங்கங்களும் சட்டங்களும்தான் என்ற அளவில் பாட்டி பக்கம் நியாயம் இருக்கிறது.

தடை எட்டாத இடத்தில் என்ன ஆனது என்று பார்க்க எத்தியோப்பியா போகலாம். அங்கே பழைய சபை இன்றும் சனி, ஞாயிறு இரண்டையும் மதிக்கிறது. விருத்தசேதனம் உண்டு, பன்றிக்கறி கிடையாது. அங்கேயும் பெரிய தகராறு நடந்து 1450-ல் மன்னர் சாரா யாக்கோப் காலத்துச் சங்கத்தில்தான் சனிக்கிழமை உறுதியானது. 1620-களில் போர்ச்சுகலோடு வந்த ஜெசுயிட்களின் பேச்சைக் கேட்டு இன்னொரு மன்னர் அதைத் தடை செய்யப் போய், நாட்டில் கலகம் வெடித்து, 1632-ல் பழைய முறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரியணை விட்டு இறங்கினார். ஓய்வுநாள் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இனி எனக்குக் கொஞ்சம் உறுத்துகிற பகுதி.

எருசலேம் கூட்டத்தில் கிரேக்கர்கள் கேட்டது, கிறிஸ்தவனாக நாங்கள் யூதனாக மாறணுமா? வேண்டாம் என்று பதில் வந்தது. திருநெல்வேலியில் சட்டாம்பிள்ளை கேட்டது, கிறிஸ்தவனாக நாங்கள் இங்கிலீஷ்காரனாக மாறணுமா? வேண்டாம் என்று அவரே பதில் சொல்லி, அந்த வேண்டாமுக்கு ஆதாரமாக யூதப் பிரமாணத்தைப் பிடித்தார். கேள்வி ஒன்றேதான், பிடித்த கைப்பிடிதான் வேறு. அது புத்திசாலித்தனமான கைப்பிடி. மிஷனரியால் "இது பைபிளில் இல்லை" என்று சொல்ல முடியாது. இருக்கிறது. அவர்களுடைய மேஜை மேலேயே இருக்கிறது.

ஆனால் பிரமாணத்தைப் பிடித்தால் முழுதாகத்தான் பிடிக்க வேண்டும். தூபமும் எக்காளமும் மட்டும் வராது. லேவியராகமம் 12, 15 அதிகாரங்களும் வரும். பிள்ளை பெற்றவள் இத்தனை நாள் தீட்டு, ஆண் பிள்ளையானால் ஒரு கணக்கு, பெண் பிள்ளையானால் இரட்டிப்பு. மாதவிலக்கானவள் உட்கார்ந்த இடம் தீட்டு, தொட்டவன் தீட்டு. மாதவிலக்குக்கு வீட்டுக்குப் பின்னால் ஒதுக்கி வைக்கப்பட்டு, ரத்தசோகை முற்றி, ஹீமோகுளோபின் ஐந்தில் வந்து விழுகிற பெண்களைப் பார்த்தவன் நான். ஒதுங்கியிருக்கிறவளுக்கு எவ்வளவு போகுதுன்னு யாரும் கேக்கிறதில்லை, அவளும் சொல்றதில்லை. வெள்ளைக்காரப் பெண்களின் நடையுடையைக் கண்டித்து, ரூத்தின் கதையை வைத்து ஒரு நூலே எழுதியவர் சட்டாம்பிள்ளை. துரையிடமிருந்து விடுதலை வாங்கித் தந்த அதே புத்தகம் வீட்டுப் பெண்ணுக்கு என்ன வாங்கித் தந்தது என்ற கேள்வியை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

சாதியும் அப்படித்தான். அவர் சபையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்தினர். கால்டுவெல்லுக்கு அவர் தந்த பதில் எங்களைத் தாழ்ந்தவர் என்னாதே, நாங்கள் சத்திரியர் என்பது. யாரையும் தாழ்ந்தவர் என்னாதே என்பது அல்ல. அந்தக் காலத்து மனிதரிடம் இந்தக் காலத்துப் பதிலைக் கேட்பது அநியாயம் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கால்டுவெல் நூலுக்கு எதிரான போராட்டம் 1880-கள் வரை ஓடி, அந்த நூல் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வெற்றியில் சட்டாம்பிள்ளைக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம தொழில்காரர் ஒருவரையும் சொல்லணும். மெட்ராஸில் 1886-ல் தேசிய சபை என்று ஒன்றைத் தொடங்கியவர் டாக்டர் பரணி ஆண்டி. 1860-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸில் எம்.டி. பட்டம் வாங்கியவர். மேல்நாட்டு மிஷன்களின் பிரிவுகள் எங்களுக்கு எதற்கு என்பது அவர் வாதம். பட்டமும் பதவியும் இருந்தவர் 1886-ல் கேட்டதை, வேலை பறிபோன உபதேசியார் 1857-லேயே கேட்டுவிட்டார். வரலாற்றுப் புத்தகங்களில் டாக்டருக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கிடைத்திருக்கிறது. டாக்டர்களுக்கு எப்பவும் அப்படித்தான்.

சட்டாம்பிள்ளை 1918 வரை வாழ்ந்தார். தொண்ணூறைத் தாண்டிய வாழ்வு. அவரோடு போனவர்களில் பலர் பிறகு பழைய சபைகளுக்கே திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேலையும் மிஷனிடம் இருந்தன, அந்த இழுப்பு சாதாரணமானது இல்லை. சபை சிறியதானது. அழியவில்லை.

இப்போ பாட்டி கால்.

ஓய்வுநாளை விடுங்கன்னு சொல்ல எனக்கு மனசில்லை, உரிமையும் இல்லை. விரலை எடுக்க வேண்டி வரும்னு பயமுறுத்தலாம். அது உண்மையும்கூட. ஆனா அப்படிப் பயந்து வர்ற பேஷன்ட் நாலு வாரத்தில் காணாமப் போவாங்க. அதனால் பிரமாணத்துக்குள்ளேயே தேடினேன்.

யூத ஞானிகளுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. மக்கபேயர் காலத்தில் ஓய்வுநாளில் சண்டை போட மறுத்தவர்கள் குகைக்குள் கூண்டோடு கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு மத்தத்தியாவின் ஆட்கள், ஓய்வுநாளில் தாக்கினால் திருப்பித் தாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். பிற்பாடு மிஷ்னாவில் அது விதியாகவே வந்தது. உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், ஓய்வுநாள் ஒதுங்கிக்கொள்ளும். யோமா பகுதி, எட்டாம் அதிகாரம். ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்த ஆட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டதும் இந்த வாதத்தின் குடும்பம்தான்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. "அது சாகக் கிடக்கிறவங்களுக்குத் தம்பி. எனக்குக் கால் புண்ணுதானே?"

சுகர் புண் எப்படி உயிருக்கு வரும்னு பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். ஏறலை. பிறகு மகள் ஒரு வார்த்தை கேட்டாங்க: "ஓய்வுநாள் எப்ப சார் முடியுது?"

லேவியராகமம் 23. சாயங்காலம் தொடங்கி மறு சாயங்காலம் வரை. அதாவது வெள்ளி பொழுது சாய்ந்ததும் தொடங்கி, சனி பொழுது சாய்ந்ததும் முடிகிறது. மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூம் ஊர்க்காரர்கள் நோயாளிகளை இயேசுவிடம் தூக்கிக்கொண்டு வருவதும் சூரியன் அஸ்தமித்த பிறகுதான். பகலெல்லாம் காத்திருந்திருக்கிறார்கள், அன்று ஓய்வுநாள்.

வெள்ளிக்கிழமை கட்டு மத்தியானம் மூணு மணிக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். ஆறே முக்காலுக்கு மேல் மகளும் பாட்டியும் பஸ்ஸில் வந்து இறங்குவாங்க. கோயில் கோபுரத்தில் விளக்கு எரிஞ்சிருக்கும். வாசலில் நின்னு ஒரு தடவை வானத்தைப் பார்த்துட்டுத்தான் பாட்டி உள்ளே வருவாங்க. பதினோரு வாரம் ஆச்சு புண் மூட. விரல் இருக்கு. இப்பவும் மாசம் ஒரு தடவை சுகர் பார்க்க வர்றாங்க, அதுவும் சனிக்கிழமை, இருட்டின பிறகு.